கண்ணாடிக்குள் ஓர் உலகம்



சென்ற ஆண்டு கணக்குப் பாட வேளையில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனுடைய பயிற்சி ஏட்டைப் பறித்தேன். கணக்குகள் இருக்க வேண்டிய பக்கங்களில் குகைகளும் பாலங்களும் வரையப்பட்டிருந்தன. “என்ன இது?” என்றேன். “விளையாட்டு செய்கிறேன், ஐயா” என்றான். அவ்வேட்டைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் எறிந்தேன். தாயை இழந்து ஓராண்டுகூட நிறையாத பிள்ளை அவன். அஃதறிந்தும் அவ்வாறு செய்தேன் என எழுதக் கை கூசுகின்றது.

விளையாட்டு செய்வதும் ஒரு தொழிலா என்னும் ஏளனமே அன்று என்னிடம் இருந்தது. பின்னர், ஜேரன் லானியர் என்னும் அமெரிக்கரின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. 1960இல் பிறந்த அவர், 9 வயதில் தாயைக் கார் விபத்தில் பறிகொடுத்தார். நாஜிகளின் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய தாய் அவர். அதன்பின் தந்தையும் மகனும் நியூ மெக்சிகோவின் வறண்ட நிலத்தில் கூடாரமடித்து வாழ்ந்தனர். கட்டப்போகும் வீட்டை வரையும் பொறுப்பைத் தந்தை அச்சிறுவனிடமே ஒப்படைத்தார். அவன் கவிகை வடிவில் வீடு வரைந்தான். இருவரும் சேர்ந்து அதனைக் கட்டினர். இவ்விடத்தில் நூலைச் சற்று மூடி வைத்தேன்.

13 வயதிலேயே பல்கலைக்கழக வகுப்பில் சேர்ந்தார். ஆடு வளர்த்துப் பால் விற்றுக் கட்டணம் செலுத்தினார். நம் தோட்டத்தில் ஆடு மேய்க்கும் பிள்ளைகள் இதனைக் கவனிக்க. 1983இல் ‘மூன்டஸ்ட்’ என்னும் கணினி விளையாட்டை வெளியிட்டார். பின்னர் நண்பர்களுடன் நிறுவனம் கண்டு, மெய்நிகர்க் கண்ணாடியையும் கையுறையையும் விற்பனைக்குக் கொணர்ந்தார்.

அக்கண்ணாடியினுள் கண்ணுக்கொன்றாக இரு சிறு திரைகள் உள்ளன. இரண்டிலும் சற்றே வேறுபட்ட படங்கள் தோன்றுவதால் தொலைவும் அண்மையும் புலப்படுகின்றன. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். அதில் சிறிது தாமதம் நேரினும் தலை சுற்றும். கையுறையிலோ ஒளி செல்லும் மெல்லிய இழைகள் ஓடின. விரலை மடக்கினால் ஒளி குறையும். அக்குறைவைக் கொண்டே விரல் எவ்வாறு மடங்கியுள்ளது எனக் கணினி அறிந்தது. கணக்கறியாமல் இவற்றுள் ஒன்றையும் செய்தல் இயலாது என்பதையும் சொல்லி வைக்கிறேன்!

நிறுவனம் நிலைக்கவில்லை. அவர் கருத்துகள் நிலைத்தன. அவற்றுள் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. புதியவர் ஒருவர் அக்கண்ணாடியை அணிந்து மாய உலகில் திளைத்திருக்கையில், அவர் எதிரே ஓசையின்றி ஓர் உண்மை மலரைக் கொணர்ந்து வைப்பாராம். கண்ணாடியைக் கழற்றியவர், மலரொன்றை அன்றுதான் முதன்முறை காண்பவர்போல வியந்து நோக்குவாராம். கருவியின் மிகப் பெரும் பயன் அதனைக் கழற்றும் அந்நொடியே என்பது அவர் கொள்கை. திரையைப் பகையென்றே எண்ணியிருந்த எனக்கு இது புதிது.

மறுவாரம் கட்டமிட்ட ஏடொன்றை வாங்கி அம்மாணவனை அலுவலகத்துக்கு அழைத்தேன். கிழித்தது தவறு என்று அவனிடம் சொன்னேன். அவன் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதில் கணக்குப் போட வேண்டுமா, ஐயா?” என்றான்.

“குகையைப் போடு” என்றேன்.