விளக்கு எழுப்பும் இரைச்சல்

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைப் புகையைக் கடந்து பழவேற்காட்டை அடைந்தபோது அந்தி சாய்ந்துவிட்டது. இங்கே 1859-ல் கலங்கரை விளக்கம் எழுந்த காலத்தில் கடலோடிக்கு வெளிச்சமே அபயம். இன்று அவனுடைய அபயக் குரலை ஏந்திச் செல்வது ரேடியோ. அதற்கு வெளிச்சமே பகையாகலாம் என்றால் நேயர்கள் நம்புவார்களா?

துறையில் நின்ற படகொன்றில் எல்.இ.டி. விளக்கு பளிச்சிட்டது. சொற்ப மின்சாரத்தில் பிரகாசிக்கும் விளக்கு அது. ஆனால் அதன் உள்ளே இருக்கும் மின்சுற்று, விநாடிக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரத்தை விட்டு விட்டுச் செலுத்துகிறது. மட்டமான விளக்கானால் அந்தத் துடிப்பு ரேடியோ இரைச்சலாகக் கசியும். பாய்மரப் படகுகளில் விளக்கும் ஏரியலும் பெரும்பாலும் ஒரே மரத்தின் உச்சியில் இருப்பதால் தொல்லை அதிகம். அமெரிக்கக் கடலோரக் காவற்படை 2018-ல் இதுபற்றி எச்சரித்தது.

சோதிப்பது சுலபம். விளக்கை அணைத்து, பேச்சில்லாத சானல் ஒன்றில் இரைச்சல் சற்றே அடங்கும் இடத்தில் ரேடியோக் குமிழை நிறுத்துக. பிறகு விளக்கை ஏற்றுக. இரைச்சல் மீண்டும் எழுந்தால் குற்றவாளி விளக்கே.

ஆபத்தில் அழைப்பதற்கென்று உள்ளது 16-வது சானல். அதில் எழும் நலிந்த குரல் இரைச்சலில் அமிழ்ந்தால், கரையில் கண்விழித்திருக்கும் தாய்க்கு எந்த விளக்கு ஒளி தரும்?