வேப்பமரத்தடியில் ஒரு பரிசல்

மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையில், பண்ணவாடிப் பக்கம் ஒரு குடும்பம். ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காடு, இரண்டு கறவை மாடு. அதோடு வேப்பமரத்தடியில் கவிழ்ந்து கிடக்கும் ஒரு பரிசல். பெரியவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. உழவு, விதைப்பு எல்லாவற்றையும் மகனிடம் விட்டுவிட்டார். பரிசலை மட்டும் விடவில்லை.

இந்தக் கரையில் விவசாயமும் மீனும் ஒரே வீட்டுக்குள் இருப்பது புதிதல்ல. 1925-ல் தொடங்கிய அணை வேலை 1934-ல் முடிந்தது. நீர் தேங்கும் இடத்தில் இருந்த ஊர்கள் மேடேறின. இன்றும் நீர்மட்டம் 70 அடிக்குக் கீழே இறங்கினால் பண்ணவாடி ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலைகாட்டும். தண்ணீர் வடிந்த ஈர நிலத்தில் சோளமும் கடலையும் விதைப்பார்கள். அணை 120 அடியைத் தொட்டால் அதே நிலத்தின் மேல் பரிசல் போகும்.

பெரியவருக்கு மீன் வியாபாரம் பெரிதில்லை. குடும்பத்தில் மீன்வளத் துறை உரிமம் உண்டு. சாயங்காலம் வலை போட்டு, விடிகாலையில் எடுப்பார். கட்லா, ரோகு என்று பெருமீன் விழுந்தால் விற்பனைக்கு. ஜிலேபியும் கெளுத்தியும் வீட்டுக் குழம்புக்கு. வேலை இல்லாத நாளில் தூண்டிலோடு போய் மதியம் வரை மிதந்துகொண்டிருப்பார். அவருக்கு அது ஒரு சுகம்.

பரிசல் வாங்குவது பெரிய காரியமில்லை, வைத்துக் காப்பதுதான் பாடு என்பார். மூங்கிலைப் பிளந்து, கூடை போலப் பின்னி, அடியில் பிளாஸ்டிக் படுதா கட்டித் தார் பூசுகிறார்கள். முன்பெல்லாம் படுதாவுக்குப் பதில் மாட்டுத்தோல். தண்ணீரிலேயே விட்டால் மூங்கில் அழுகும். வெயிலிலேயே போட்டால் வெடிக்கும். ஆகவே கரையேறியதும் கழுவி, காயவைத்து, நிழலில் கவிழ்க்க வேண்டும். அடியில் இரண்டு கல் வைத்தால் காற்றோடும், கரையானும் ஏறாது. மீன் வாடைக்கு எலி வந்து படுதாவைக் கடிக்கும். ஒவ்வொரு முறை இறக்கும் முன்பும் அடியைத் தடவிப் பார்த்துவிடுவார். கோடையில் தாரைக் காய்ச்சி மறுபூச்சு. "மாடு மாதிரித்தான், ஒரு நாள் பாக்காம விட்டா மறுநாள் சொல்லிக் காட்டும்" என்பது அவர் பேச்சு.

மூன்று வருஷத்துக்கு முன், ஓர் ஆடி மாதம். முதல்நாள் மாலை போட்ட வலை தண்ணீரில் கிடந்தது. விடியும்போதே காற்று பிடித்துவிட்டது. பெரியவர் போகவில்லை. வலை புதிது, கடன் வாங்கி வாங்கியது. மீன் செத்து நாறிப்போகும் என்ற கவலையில் மகன், அப்பா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன நேரத்தில் தனியே பரிசலை இறக்கிவிட்டார்.

பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று கிடையாது. முன்னால் துடுப்பைப் போட்டுத் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்தால்தான் நேரே போகும். காற்று எதிர்த்தால் இருந்த இடத்திலேயே சுழலும். அன்று அப்படித்தான் சுழன்றது. வலை கட்டிய மிதவை கண்ணுக்குத் தெரிகிறது, கிட்டே போக முடியவில்லை. அலை உள்ளே விழ ஆரம்பித்தது. கை சோர்ந்துவிட்டது.

அப்போதுதான் அப்பா எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்திருக்கிறது: காத்தோட மல்லுக்கட்டாதே, போற பக்கம் போ. நடுவில் தாழ உட்கார்ந்து, டப்பாவால் தண்ணீரை அள்ளிக் கொட்டிக்கொண்டே காற்றின் போக்கில் விட்டார். இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கரை தட்டியது. பெரியவர் கரையோரமாகவே முள்ளிலும் சேற்றிலும் ஓடி வந்து நின்றிருந்தார். திட்டவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து மகன் தலையைத் துவட்டிவிட்டு, "வலை கிழிஞ்சா முடிஞ்சுக்கலாம் சாமி" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து வலையை எடுத்தார்கள். பாதி கிழிந்திருந்தது. மீன் எல்லாம் கெட்டுப்போயிருந்தது. கடன் தீர நாலு மாதம் ஆனது.

அதன் பிறகு அந்த வீட்டில் சில வழக்கங்கள் மாறவில்லை. தனியாகப் போவதில்லை. நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏறுவதில்லை. வலையில் கால் சிக்கினால் அறுக்க இடுப்பில் ஒரு கத்தி, தண்ணீர் அள்ள ஒரு டப்பா. பரிசலில் எழுந்து நிற்பதில்லை. எந்தப் பக்கம் வலை போட்டிருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டே கிளம்புகிறார்கள். ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்தால் இங்கேயும் நிறுத்தம்தான். வரும் வெள்ளத்தில் மரமும் கட்டையும் மிதந்து வரும், ஒன்று மோதினால் போதும்.

இப்போதெல்லாம் மகன் விடிகாலையில் எழுந்ததும் முதலில் வேப்பமரத்து உச்சியைப் பார்க்கிறார். கிளை ஆடினால் பரிசல் அப்படியே கிடக்கும். அன்றைக்கு வீட்டில் கொள்ளு ரசம்.