‘என்று’வும் ‘தட்’டும்

அன்றாட ஆங்கில வாக்கியத்தைத் தாங்கி நிற்பவை மூன்று சிறு உறுப்புகள்: மூவிடப் பெயர், இணைப்புச் சொல், ‘தட்’ என்று தொடங்கும் துணைவாக்கியம். மூன்றையும் தனித்தனிப் பாடமாகப் படித்த மாணவர்கூட, அவை ஒரே வாக்கியத்தில் சேரும்போது தடுமாறுகிறார். திருவனந்தபுரத்து வகுப்பறைகளில் இது தெளிவாகத் தெரியும். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துத் தமிழ் மாணவரும் உள்ளூர் மலையாள மாணவரும் அங்கே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பிழையை எழுதுகிறார்கள்.

காரணம் தாய்மொழியின் அமைப்பு. “அவன் நாளை வருவான் என்று எனக்குத் தெரியும்” என்பதில் செய்தி முதலில் வந்துவிடுகிறது. ‘என்று’ அதை முடித்துவைக்கிறது. அறிந்தவர் யார் என்பது பிறகு வருகிறது. மலையாளத்தின் ‘என்னு’வும் அதே இடத்தில் நின்று அதே வேலையைச் செய்கிறது. ஆங்கிலம் இதைத் தலைகீழாக அடுக்கும்: “ஐ நோ தட் ஹி வில் கம் டுமாரோ.” அறிந்தவர் முதலில், செய்தி கடைசியில், ‘தட்’ செய்திக்கு முன்னால்.

இட மாற்றம் மட்டும் என்றால் சில நாள் பயிற்சியில் தீர்ந்துவிடும். உண்மையான சிக்கல் ‘என்று’வின் தாராளத்தில் இருக்கிறது. கூற்று, கேள்வி, கட்டளை எதையும் அது ஏற்றுக்கொள்ளும். “வருவேன் என்றான்”, “வா என்றான்”, “எங்கே போகிறாய் என்று கேட்டான்” எல்லாம் சரி. ‘தட்’ அவ்வளவு இடம் கொடுக்காது. கேள்வியை அது ஏற்பதேயில்லை. ‘என்று’வுக்கு நேர் ‘தட்’ என்று மனப்பாடம் செய்தவர் “ஹி ஆஸ்க்ட் மீ தட் வேர் ஆர் யூ கோயிங்” என்று எழுதிவிடுகிறார். எழுத வேண்டியது “ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங்.” இந்தச் சின்ன வாக்கியத்துக்குள் நான்கு மாற்றங்கள் நடந்திருக்கின்றன. ‘தட்’ போய்விட்டது, ‘யூ’ ‘ஐ’ ஆனது, கேள்விக்குரிய சொல்வரிசை கூற்றின் வரிசைக்குத் திரும்பியது, வினை இறந்த காலத்துக்கு நகர்ந்தது. “வருவாயா என்று கேட்டாள்” போன்றவற்றில் ‘ஆ’ என்ற வினா எழுத்தின் வேலையை ‘இஃப்’ அல்லது ‘வெதர்’ எடுத்துக்கொள்கிறது. அங்கும் ‘தட்’டுக்கு இடமில்லை. பாடப்புத்தகங்கள் நேர்கூற்று, அயற்கூற்று என்று அட்டவணை போடுகின்றன. கேள்வியில் ‘தட்’ வராது என்ற ஒரு விதியை அட்டவணைக்கு முன்பே சொன்னால் பாதிப் பிழைகள் எழாது.

இணைப்புச் சொற்களில் அடிக்கடி காணும் பிழை ‘ஆல்தோ’வுடன் ‘பட்’ சேர்ப்பது. “மழை பெய்தாலும் வந்தார்” என்பதில் ‘ஆலும்’ என்ற விகுதி இரண்டு பகுதிகளும் சந்திக்கும் இடத்திலேயே முடிச்சுப் போடுகிறது. ‘ஆல்தோ’ வாக்கியத் தொடக்கத்துக்குப் போய்விடுவதால், சந்திப்பில் முடிச்சு இல்லாததுபோலத் தோன்றி, மாணவர் ‘பட்’டைக் கொண்டுவந்து வைக்கிறார். ஆங்கிலத்துக்கு ஒன்று போதும்.

மூவிடப் பெயரில்தான் தமிழ் மாணவரின் வழியும் மலையாள மாணவரின் வழியும் பிரிகின்றன. ‘வந்தேன்’ என்ற சொல்லின் ‘ஏன்’ விகுதியிலேயே ‘நான்’ இருக்கிறது. மலையாள வினை அந்த விகுதியை இழந்துவிட்டது. ‘ஞான் வந்நு’, ‘அவள் வந்நு’ இரண்டிலும் வினை ஒன்றே. திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்த ஏ. ஆர். ராஜராஜவர்மா, ‘கேரள பாணினீயம்’ என்ற மலையாள இலக்கண நூலில், தமிழிலிருந்து மலையாளம் விலகிய ஆறு வழிகளுள் ஒன்றாக இதைக் கணக்கிட்டு ‘புருஷபேத நிராசம்’ (மூவிட வேறுபாட்டை நீக்குதல்) என்று பெயரிட்டார். ஆகவே வினை விகுதிக்குள் இருக்கும் ஆளை வெளியே எடுத்துத் தனிச்சொல்லாக எழுதும் வேலை தமிழருக்குக் கூடுதலாக உண்டு. “மழை பெய்கிறது” போன்ற வாக்கியத்துக்குக்கூட ஆங்கிலம் ‘இட்’ என்று எழுவாய் கேட்கும். “நீ வந்தது நல்லது” என்பது “இட் இஸ் குட் தட் யூ கேம்” ஆகும்போது ‘இட்’ முன்னே இடம்பிடிக்க, உண்மையான பொருள் ‘தட்’டுக்குப் பின்னே வருகிறது.

ஓரிடத்தில் தமிழின் வசதி ஆங்கிலத்துக்கு இல்லை. “தான் தேறிவிட்டதாக ராமன் முருகனிடம் சொன்னான்” என்றால் தேறியவன் ராமன், ஐயமே இல்லை. ஆங்கிலத்தில் ‘தட்’டுக்குப் பின்வரும் ‘ஹி’ இருவரில் யாரையும் குறிக்கலாம். அங்கே பெயரையே மறுபடி எழுதுவது நல்லது.

‘சே’, ‘திங்க்’, ‘நோ’ போன்ற வினைகளுக்குப் பின் பேச்சில் ‘தட்’டை விட்டுவிடலாம். ‘த ஃபேக்ட்’ போன்ற பெயர்ச்சொல்லுக்குப் பின் விடாமல் எழுதுவதே நல்லது. ஆசிரியர்களே, தொடக்கத்தில் மாணவர்களை எல்லா இடத்திலும் ‘தட்’டை எழுதவே பழக்குங்கள், எங்கே விடலாம் என்பது பேசப் பேசத் தானாக வந்துவிடும்.