ஷில்லாங்கில் ஒரு குட்வில் தகராறு

ஷில்லாங் டாக்ஸியில் ஏறினால் டிரைவர் உங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம். ஒன்று, "நேத்து ராத்திரி என்ன கனவு கண்டீங்க?" இரண்டாவது, "லெட் ஸெப்பலினா, டீப் பர்ப்பிளா?"

முதல் கேள்விக்குக் காரணம் 'தீர்' என்கிற அம்பு சூதாட்டம். மைதானத்தில் வில்லாளிகள் வரிசையாக உட்கார்ந்து சரமாரியாக அம்பு விடுவார்கள். இலக்கில் குத்தி நிற்கிற அம்புகளை எண்ணி, அந்த எண்ணிக்கையின் கடைசி இரண்டு இலக்கத்துக்குப் பரிசு. சட்டப்படி லைசென்ஸ் வாங்கி நடக்கிற சமாசாரம். கனவில் வந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு என்பது ஊர் நம்பிக்கை. என் கனவில் பழைய மானேஜர் வந்தார் என்றேன். டிரைவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுக்கு நம்பர் கிடையாது ஸார்" என்றார்.

இரண்டாவது கேள்வி அதைவிட ஆபத்தானது. "டீப் பர்ப்பிள்" என்றேன். வண்டி லேசாகக் குலுங்கியது.

குவாஹாத்தியில் இறங்கி மலைப்பாதையில் சுமார் நூறு கிலோமீட்டர் ஏறினால் ஷில்லாங். ஊருக்குக் கொஞ்சம் முன்னால் உமியம் ஏரி. எல்லோரும் இறங்கி போட்டோ எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். அழகுதான். ஆனால் ஏரிகளைப் பற்றி எழுத இந்தப் பத்திரிகையில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஐயாயிரம் அடி உயரத்தில், டிசம்பர் குளிரில், காதில் குல்லாயோடு நான் போனது வேறு விஷயத்துக்காக. 'இந்தியாவின் ராக் தலைநகரம்' என்று இந்த ஊருக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அது நிஜம்தானா, இல்லை டூரிஸ்ட் போர்டு விடுகிற ரீலா என்று பார்க்க ஆசை.

நிஜம்தான். நம் ஊர் டீக்கடையில் ரஜினி-கமல் சண்டையும், ராஜா-ரஹ்மான் சண்டையும் எப்படி ஓய்வதில்லையோ, அப்படி இங்கே கிடார் சண்டை. பேண்டு விட்டுப் பேண்டு தாவினவன், கட்சி மாறின எம்.எல்.ஏ. மாதிரி. பேச்சு வார்த்தை இருக்கும், மரியாதை இருக்காது.

எப்படி வந்தது இந்தப் பித்து? 1841-ல் வேல்ஸ் நாட்டிலிருந்து தாமஸ் ஜோன்ஸ் என்கிற பாதிரியார் சிரபுஞ்சிக்கு வந்து சேர்ந்தார். காசி மொழியை ரோமன் எழுத்தில் எழுத வழி செய்தார். வேல்ஸ்காரர்களுக்குச் சேர்ந்து பாடுவது மூச்சு விடுவது மாதிரி. கோயில் பாட்டு நாலு குரலாகப் பிரிந்து வீட்டுக்கு வீடு நுழைந்தது. அதற்கு முன்பே காசி மக்களிடம் சொந்தமாகப் பாட்டும் தந்தி வாத்தியமும் உண்டு. 1874-லிருந்து வெள்ளைக்காரனுக்கு அஸ்ஸாம் தலைநகரம் வேறு. ரேடியோ, கிராமபோன், கான்வென்ட் பள்ளிக்கூடம் எல்லாம் மற்ற ஊருக்கு முன்னால் வந்துவிட்டன. காதும் நாக்கும் தயாராக இருந்த ஊருக்குக் கிடார் வந்து சேர்ந்தால் கேட்கவா வேண்டும்?

மேகாலயா தனி மாநிலமானது 1972 ஜனவரியில். அதே வருஷம் மே 24-ந் தேதி லூ மஜாவ் என்கிற உள்ளூர்ப் பாடகர் பாப் டிலனுக்குப் பிறந்த நாள் கொண்டாடினார். ஒரு வருஷம் ஆசைக்குச் செய்து விட்டுவிடவில்லை. வருஷா வருஷம், தலை நரைத்த பிறகும், அரை டிராயரும் கையில் கிடாருமாக மேடை ஏறிக்கொண்டிருந்தார். 2016-ல் டிலனுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது உலகமே 'பாட்டுக்காரனுக்கு இலக்கியப் பரிசா?' என்று வாயைப் பிளந்தது. ஷில்லாங் மட்டும் 'ஏன் இவ்வளவு லேட்?' என்றது. இத்தனைக்கும் டிலன் ஒரு தடவைகூட இந்த ஊர்ப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. நம் ஊரில் நடிகருக்குக் கோயில் கட்டினால் அவர் ஒரு கும்பிடாவது போடுவார்!

சண்டைக்கு வருவோம். நடந்த இடம் லைதும்க்ரா பகுதியில் ஒரு சின்னக் கடை. இங்கே பெண்களை மரியாதையாக 'காங்' என்பார்கள், நம் 'அக்கா' மாதிரி. ஆண்களுக்கு 'பாஹ்'. இந்த மாதிரிக் கடைகளை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். பரம்பரைச் சொத்தே கடைசிப் பெண்ணுக்குப் போகிற சமூகம். பையன் கல்யாணம் செய்துகொண்டால் மனைவி வீட்டுக்குப் போவது பழைய வழக்கம். 'வீட்டோடு மாப்பிள்ளை' என்று நாம் கிண்டல் அடிக்கிற ஏற்பாடு இங்கே கௌரவமான ஏற்பாடு.

எனக்குச் சிவப்புத் தேநீரும், புதாரோ என்கிற வெள்ளை அரிசிப் பணியாரமும் வந்தது. நம் ஆப்பத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. கூடவே மரியாதைக்குக் 'க்வாய்'. வெற்றிலை பாக்குதானே, தஞ்சாவூர்க்காரனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்று வாயில் போட்டேன். பச்சைப் பாக்கு. இரண்டு நிமிஷத்தில் காது சூடாகி, டிசம்பர் குளிரில் குல்லாயைக் கழற்றிவிட்டு வியர்வை துடைத்தேன். கடையே சிரித்தது. அதன் பிறகு என்னைச் சண்டையில் சேர்த்துக்கொண்டார்கள்.

என் டாக்ஸி டிரைவர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், கணக்கு ஆபீஸில் ரிடையரான ஒரு பெரியவர், அவர் மகன். மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. நாலு நாள் லீவில் வந்திருக்கிறான். பெரியவர் வாலிபத்தில் பேண்டில் பாஸ் கிடார் வாசித்தவராம்.

"பர்ப்பிள் ஒரு பேண்டா ஸார்? அது சத்திரம்!" என்று ஆரம்பித்தார் டிரைவர். "பாடகர் மட்டும் நாலு பேர் மாறியாச்சு. ஸெப்பலினைப் பாருங்க. 1980 செப்டம்பர்ல டிரம்மர் பான்ஹம் செத்தான். டிசம்பர்ல 'இனிமே நாங்க இல்லை'னு அறிக்கை விட்டுக் கடையைச் சாத்திட்டாங்க. அது குடும்பம்!"

நான் விடவில்லை. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ நகரில் ஒரு கச்சேரியில் எவனோ தீப்பொறித் துப்பாக்கியைச் சுட, சூதாட்ட விடுதியே எரிந்து சாம்பலானது. அங்கே ரெக்கார்டிங் செய்யப் போயிருந்த பர்ப்பிள், ஏரி மேல் படர்ந்த புகையையே பாட்டாக்கிவிட்டது. கிடார் வாங்குகிற பையன் முதலில் தட்டிப் பார்ப்பது இன்றைக்கும் அந்த மெட்டைத்தானே? "ஆள் மாறினா என்னங்க? ஏசி/டிசி பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் போனார். ஜூலையில் வேற பாடகரோட 'பேக் இன் பிளாக்' வந்தது. அவங்க வாழ்க்கையிலேயே அதிகமா வித்தது அதுதான். கடையைச் சாத்தினா அது கிடைச்சிருக்குமா?"

"விக்கிறது வேற, பாட்டு வேற" என்றார் வாத்தியார். காமர்ஸ் படித்தவனுக்கு இது கொஞ்சம் உறைத்தது.

அப்போதுதான் பெரியவர் மெதுவாக வாயைத் திறந்தார். "பிங்க் ஃப்ளாய்டுக்கு வாங்க. 1985-ல ரோஜர் வாட்டர்ஸ் விலகினான். நான் இல்லாம பிங்க் ஃப்ளாய்டே இல்லைன்னான். கில்மோர் அசரலை. பேரை விடாம பிடிச்சான், 1987-ல ரெக்கார்டு போட்டான். இருந்தவன் எவனோ அவன்தான் பேண்டு. போனவன் போனவன்தான்."

"எழுதினது யாருப்பா?" என்றான் மகன், டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே. "'தி வால்' மொத்தமும் யாரோட மூளை? அவன் போனப்ப வார்த்தையும் கூடவே போயிடுச்சு. பேரை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"வார்த்தை போனா என்ன? கில்மோர் ஒரு தந்தியைத் தொட்டா போதும், யாருன்னு தெரியும்."

"போறவனுக்கு ஒரு காரணம் இருக்கும்ல?"

"இருக்கும். இருக்கிறவனுக்கும் இருக்கும்."

டிரைவர் என்னைப் பார்த்தார். வாத்தியார் ஜன்னலைப் பார்த்தார். கடைக்கார காங் யாரும் கேட்காமலே ஐந்து கிளாஸிலும் மறுபடி டீ ஊற்றினாள்.

நான் சும்மா இருக்காமல், "2005-ல லண்டன்ல, லைவ் எய்ட் கச்சேரியில நாலு பேரும் ஒண்ணா..." என்று ஆரம்பித்து, "லைவ் எயிட்" என்று வாத்தியாரால் திருத்தப்பட்டேன். பள்ளிக்கூட வாத்தியார் எங்கே போனாலும் வாத்தியார்.

"வந்தான்" என்றார் பெரியவர். "இருபத்து நாலு வருஷம் கழிச்சு வந்து, நாலஞ்சு பாட்டு வாசிச்சுட்டு, கட்டிப் பிடிச்சு போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அது வந்த மாதிரியா?"

மகன் பதில் சொல்லவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க காமர்ஸ்தானே ஸார்? பார்ட்னர் ஒருத்தர் விலகினா குட்வில் யாருக்கு?" என்றான்.

பி.காம். இரண்டாம் வருஷத்தில் பதினைந்து மார்க் கேள்வி! விலகுகிற பார்ட்னருக்கு அவர் பங்குக்கான குட்வில்லைக் கணக்குப் போட்டு, இருக்கிற பார்ட்னர்கள் கொடுக்க வேண்டும் என்றேன். "இருக்கிறவங்களுக்குக் கடை, பேரு. போறவருக்கு அவரோட பங்கு. கையில ரொக்கம் இல்லைன்னா அவர் பேர்ல கடன் கணக்கு ஒண்ணு திறந்து, வட்டியோட கொஞ்சம் கொஞ்சமா."

"அப்ப கணக்கு முடியாது" என்றார் பெரியவர்.

"கடைசித் தவணை வரைக்கும் முடியாது."

கணக்கு ஆபீஸ்காரர் இல்லையா, மனசுக்குள் சரிபார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஐந்து டீக்கும் அவரே காசு கொடுத்தார். வெளியே வந்ததும் மகன் அவருடைய மஃப்ளரை இழுத்துக் காதை மூடிவிட்டான். "ரிச்சர்ட் ரைட்டை எல்லாரும் மறந்துட்டீங்க, கீபோர்டு இல்லாம என்ன ஃப்ளாய்டு?" என்று அவர் ஆரம்பிக்க, இருவரும் அதே வேகத்தில் சண்டை போட்டுக்கொண்டே மேட்டில் ஏறிப் போனார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை ஊரே சர்ச்சில் இருக்கும், பெரும்பாலான கடை கிடையாது. சைவர்கள் 'ஜாதோ' என்கிற சாதத்தை நம்பி உட்காராதீர்கள், அதில் பன்றி இருக்கும். மே மாசம் டிலன் பிறந்த நாளை ஒட்டிப் போனால் குடை அவசியம். டிரைவர் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டால், ஹோட்டல் வந்து இறங்கின பிறகு பதில் சொல்லுங்கள்.