ஞாயிற்றுக்கிழமை மோட்டார்

எங்கள் வீட்டில் தினமும் மோட்டார் ஓட்டுவது நான்தான். காலை நிகழ்ச்சிக்காக விடிவதற்கு முன்பே வானொலி நிலையத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ரயிலும் கிடையாது, பேருந்தும் கிடையாது. என் கணவர் கணக்காளர். வீடு பிரிக்பீல்ட்ஸில் என்பதால் அலுவலகத்துக்கு எல்ஆர்டியே போதும். பதினெட்டு வயதில் எடுத்த பி2 உரிமத்தைத் தவறாமல் புதுப்பித்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மோட்டாரை வாங்கிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வருவார். அவ்வளவுதான் அவருடைய ஓட்டம். அவருக்கென்று பழைய மோட்டார் ஒன்று வாங்கித் தரலாம் என்று இந்த வருடம் முடிவு செய்தேன்.

முதலில் அவர் கேட்டது மோட்டாரே அல்ல. மிருகக்காட்சி சாலைக்கு அப்பால் கெமென்சா பக்கம் நண்பர்களோடு போய், சேற்றிலும் ஓடையிலும் நாலு சக்கர ஏடிவி ஓட்டிவிட்டு வந்திருந்தார். "செகண்ட் ஹேண்ட்ல ஒன்னு பாக்கலாமா?" என்றார். ஏடிவியைப் பொதுச் சாலையில் ஓட்ட அனுமதியில்லை. லாரியில் ஏற்றிக் காட்டோரம் கொண்டுபோய், ஓட்டி, கழுவி, மறுபடி ஏற்றி வர வேண்டும். நாங்கள் இருப்பதோ ஒன்பதாவது மாடியில். அந்தப் பேச்சு அன்றிரவே முடிந்துவிட்டது. அடுத்த நாள் காலையில் வேறு பெயர் சொன்னார்: ஆர்எக்ஸ்-இசட்.

மலேசியாவில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இளைஞராக இருந்த யாரிடமாவது யமஹா ஆர்எக்ஸ்-இசட் என்று சொல்லிப் பாருங்கள்; முகம் மாறும். 135 சிசி, டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். சத்தத்தை வைத்தே தெருமுனையில் வருவது இன்னார் என்று சொல்லிவிடலாம். 2011-ல் உற்பத்தி நின்ற பிறகும் அதன் மீதுள்ள மோகம் நிற்கவில்லை. கணவர் கிள்ளானில் வளர்ந்தவர். அவருக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது பெரியப்பா மகன் ஒன்று வைத்திருந்தாராம். துடைக்கக் கொடுப்பாராம், ஏற விடமாட்டாராம்.

அந்த ஆசை எனக்குப் புரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் மோட்டாரில் இருவரும் கிள்ளானுக்குக் கிளம்பினோம்.

மோட்டாருக்கென்று ஒரு பாதை

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயிலில் போகலாம். 1886-ல் சிலாங்கூரில் போட்ட முதல் ரயில் பாதையே கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் போனதுதான். ஆனால் மோட்டார் வாங்கப் போகிறவர்கள் மோட்டாரில் போவதுதான் முறை. துன் சம்பந்தன் சாலையில் பூக்கடைகள் திறக்கும் நேரத்தில் புறப்பட்டு, கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறினோம். கோலாலம்பூர் 1974-ல் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானதை நினைவூட்டும் கோத்தா டாருல் ஏசான் வளைவைத் தாண்டினால் பெட்டாலிங் ஜெயா. அதற்கப்பால் மோட்டார்களுக்கான தனிப் பாதை வந்துவிடும்.

காரில் மட்டும் போகிறவர்கள் இந்தப் பாதையைக் கவனித்திருக்க மாட்டார்கள். 1970-களில் உலக வங்கித் திட்டம் ஒன்றின் பகுதியாகத் தொடங்கிய பாதை இது. மோட்டார் சைக்கிளுக்கென்றே உலகில் முதலில் போடப்பட்ட பாதைகளில் ஒன்று. பெரிய சாலைக்கு இணையாகவே ஓடும். மேம்பாலம் வந்தால் கீழே இறங்கி, தாழ்வான குகை மாதிரி ஒரு வழியில் நுழைந்து, வளைந்து, மறுபடி வெளிச்சத்துக்கு வரும். மழை பிடித்துக்கொண்டால் எல்லாரும் அந்தக் குகைக்குள்தான் ஒதுங்குவார்கள். தெரியாமல் வேகமாக நுழைபவருக்கு ஆபத்து அங்கேதான் காத்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமையானாலும் பாதையில் ஆள் இருந்தது. இரவு வேலை முடிந்து, ஜாக்கெட்டை முன்பக்கம் பின்னாக மாட்டிக்கொண்டு வீடு திரும்பும் பாதுகாவலர்கள், சாப்பாட்டுப் பையோடு பறக்கும் பையன்கள், முன் கூடையில் வாழை இலையும் மாலையும் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகும் ஓர் அம்மா. பெரும்பாலும் எல்லாரும் ஓட்டியது கப்சாய். ஹோண்டா 'கப்' வண்டியின் பெயரோடு 'சின்னது' என்று பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து வந்த பெயர் என்பார்கள். 1958-ல் ஜப்பானில் பிறந்த வண்டி; 2017-க்குள் பத்து கோடி செய்து முடித்துவிட்டார்கள். அதே 1958-ல் பினாங்கின் லோ பூன் சியூ ஹோண்டாவை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். எங்கள் அப்பா ஷிப்ட் வேலைக்குப் போனதும், எங்கள் நாலு பேரையும் ஒரே வண்டியில் தீபாவளிக்குக் கூட்டிப் போனதும் கப்சாயில்தான்.

பாதையில் போகும்போது எனக்கு இன்னொரு நினைப்பும் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் போக்குவரத்துத் தகவல் படிப்பது என் வேலை. 'கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்து, ஒரு தடம் மூடப்பட்டுள்ளது' என்ற வரியை எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. படித்து முடித்ததும் அடுத்த பாட்டு. யார், என்ன ஆனார் என்பது தகவலில் இருக்காது. நம் நாட்டில் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் போனவர்கள். 1973-லிருந்து தலைக்கவசம் கட்டாயம். 1992-லிருந்து பகலிலும் விளக்கு எரிய வேண்டும். அத்தனையும் செய்த பிறகுள்ள நிலைமை இது. தினமும் ஓட்டுகிறவருக்கு கை தானாக பிரேக்கைப் பிடிக்கும். வாரம் ஒருமுறை ஓட்டுகிறவர் யோசித்துப் பிடிக்க வேண்டும். அந்த அரை நொடிக்குள் எவ்வளவு தூரம் போகும் வண்டி என்பதுதான் எனக்குக் கவலை.

சைக்கிளை விட்டு இறங்கியவர்கள்

பத்து தீகா தாண்டியதும் ஷா ஆலாம். வானம் தெளிவாக இருந்தால் பள்ளிவாசலின் நீலக் குவிமாடம் தெரியும். இந்த நகரம் எழுவதற்கு முன் இங்கே சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்தது. சுற்று வட்டாரம் முழுக்க ரப்பரும் செம்பனையும்தான். என் பாட்டியின் அப்பா இந்தப் பக்கத் தோட்டம் ஒன்றில்தான் பால் மரம் வெட்டினார்.

1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் மக்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு, பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவ வசதி என்று கேட்ட கோரிக்கைகளுக்கு நடுவே ஒன்று இப்படி: தோட்டத்துத் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் விட்டார்கள்.

சொந்தக் காசில் வாங்கிய சைக்கிளில் உட்கார்ந்தபடியே போவதற்குக்கூட அவர்கள் போராட வேண்டியிருந்தது. அடுத்த தலைமுறைக்கு மோட்டார் கிடைத்தது. ஆனால் அது வேலைக்கு. வேலை எதுவும் இல்லாமல், எங்கே போகிறோம் என்று யாருக்கும் பதில் சொல்ல வேண்டாமல், ஆசைக்கு மட்டும் ஓட்ட ஒரு மோட்டார் என்பது எங்கள் இரு குடும்பத்திலும் இதுவே முதல். அதனால்தான் 'வேண்டாம்' என்ற சொல் என் வாயில் வரவில்லை.

கிள்ளானில் இரண்டு வண்டிகள்

தெங்கு கிளானா சாலையில் தோசையும் காப்பியும் முடித்துக்கொண்டு, முதல் கடைக்குப் போனோம். ஆர்எக்ஸ்-இசட் அங்கே தனியாக, துணி போர்த்தி நின்றது. விலை பதினாறாயிரம் வெள்ளி. புதுக் கப்சாய் இரண்டு வாங்கி, மிச்சமும் இருக்கும்.

பழைய மோட்டார் பார்க்கும்போது சாயத்தைப் பார்க்கக்கூடாது. நான் முதலில் கை வைத்தது இன்ஜினில். சூடாக இருந்தால் நாம் வருவதற்கு முன்பே முடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறிக் கிடக்கும் இன்ஜின் எப்படி எழுந்திருக்கிறது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். அடுத்து, சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் கிராண்டில் உள்ள எண்களோடு ஒத்துப்போகின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். பேர்போன பழைய வண்டிகள் திருடர்களுக்கும் பிடித்தவை. எண்ணைச் சுற்றி ராவிய தடமோ புதுச் சாயமோ இருந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிட வேண்டும். இந்த வண்டியில் எல்லாம் சரியாக இருந்தது. நேர்மையான வண்டி.

கணவர் ஏறி, கடைக்குப் பின்னால் இருந்த சாலையில் ஓட்டிப் பார்த்தார். டூ-ஸ்ட்ரோக்கின் குணம் அது: கொஞ்ச நேரம் சாதுவாக வரும், குறிப்பிட்ட சுழற்சியைத் தாண்டியதும் திடீரென்று இழுக்கும். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். முகம் நிறைய சிரிப்பு. ஆனால் இறங்கிய பிறகும் விரல்கள் கைப்பிடியைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தன.

கடைக்காரர் அவரைவிட வயதில் மூத்தவர். "வாரத்துக்கு எத்தனை நாள் ஓட்டுவீங்க தம்பி?" என்றார்.

"ஞாயித்துக்கிழமை மட்டும், அண்ணே."

"அப்படின்னா இது கோவிச்சுக்கும். இத தினமும் கவனிக்கணும். 2டி எண்ணெய் பாக்கணும், கார்ப்ரேட்டர் பாக்கணும். ஒரு வாரம் விட்டா காலையில நீங்க ஓட்ட மாட்டீங்க, உதைச்சுக்கிட்டுதான் இருப்பீங்க."

விற்க வேண்டியவரே இப்படிச் சொன்னது எனக்கு ஆச்சரியம். கணவர் பதில் சொல்லவில்லை. 'யோசித்துச் சொல்கிறோம்' என்று விடைபெற்றோம்.

இரண்டாவது வண்டி கம்போங் ஜாவா பக்கம், ஒரு வீட்டு வாசலில். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், முட்டி வலியால் விற்கும் ஹோண்டா இஎக்ஸ்5. வயது எட்டு, ஒரே உரிமையாளர். முதல் உதையிலேயே எழுந்தது; புகை இல்லை. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பினேன். நடுவில் எங்கும் சிக்கவில்லை. சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தேன், ஆட்டம் இல்லை. செயினும் பல்சக்கரமும் தேய்ந்திருந்தன, அது சின்னச் செலவு. டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பூ நிறைய இருந்தாலும் இந்த டயர்களுக்கு வயதாகிவிட்டது. இரண்டையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி விலையைக் குறைத்துக் கேட்டேன்.

"ஓட்டிப் பாருங்க தம்பி, மெதுவா வாங்க" என்று பெரியவர் சாவியைக் கொடுத்தார். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது நிமிடம் ஆயிற்று. பெரியவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சாலையை எட்டிப் பார்க்கத் தொடங்கினார். எனக்கு அந்தப் போக்குவரத்துத் தகவல் வரி நெஞ்சில் ஓட ஆரம்பித்தது.

அரை மணி நேரம் கழித்து வந்தார், கொக்கியில் ஒரு பிளாஸ்டிக் பையோடு. உள்ளே சூடான அப்பம். தான் படித்த பள்ளிக்கூடம் வரை போனாராம். வாசலில் இருந்த பெரிய மரத்தை வெட்டிவிட்டார்களாம். பக்கத்தில் அப்பம் சுட்ட அம்மா இப்போது இல்லையாம். மகள் சுடுகிறாராம், அதே ருசியாம். பேசிக்கொண்டே இருந்தார். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆர்எக்ஸ்-இசட்டில் போய்வந்தபோது அவர் பேசியது முழுக்க வண்டியைப் பற்றி. இதில் போய்வந்தபோது பேசியது முழுக்க ஊரைப் பற்றி. கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை. இரண்டு காலும் தரையில் நன்றாகப் படும். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி இறங்கலாம். அப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, "இது போதும்மா" என்றார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னது.

கையெழுத்தும் கவசமும்

மூவாயிரம் வெள்ளிக்குப் படிந்தது. முழுப் பணத்தையும் அன்று கொடுக்கவில்லை. வண்டியின் பேரில் கடன் பாக்கியோ சம்மனோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வேலை நாளில் பெரியவரோடு ஜேபிஜே அலுவலகம் போய், இருவரும் விரல் ரேகை வைத்து உரிமை மாறிய பிறகே மிச்சத்தைக் கொடுத்தோம். தெரிந்தவர், நல்லவர் என்றாலும் இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பெயர் மாறாத வண்டியில் நாளை என்ன நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் பழைய உரிமையாளர். அது அவருக்கும் நல்லதல்ல.

மிச்சமான காசில் புது டயர், செயின், பிரேக் கட்டை, சிரிம் முத்திரை உள்ள நல்ல தலைக்கவசம். துணைக்கு மோட்டார் வாங்க நினைக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இரண்டே விஷயம். அவரையும் கூட்டிப் போங்கள். ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததும் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று கேளுங்கள்.

இப்போது ஞாயிறு காலைகளில் அவர் தனியாகக் கிளம்புகிறார். ஒரு வாரம் கிள்ளான், ஒரு வாரம் பூலாவ் இண்டா. வரும் ஞாயிறு எனக்கும் விடுமுறை. இருவரும் பந்திங் வழியாக மோரிப் கடற்கரைக்குப் போகிறோம், ஆளுக்கொரு மோட்டாரில். வேகத்தை முடிவு செய்வது அவர். நான் பின்னால் வருவேன்.