ஏழு மாவுக்கு ஓர் ஆண்டு

'பட்டம்' என்ற சொல்லுக்குக் கல்லூரியில் ஒரு பொருள், வயலில் வேறு பொருள். விதைப்பதற்குரிய பருவத்தை உழவர் பட்டம் என்பர். ஒரு சிறு குடும்பம் சித்திரை மாதத்தில் தன் நிலத்துக்கு ஓராண்டைத் திட்டமிடுவதென்பது, கூர்ந்து நோக்கினால், இந்தப் பட்டங்களை அறுவடை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்ப்பதுதான். எதை விதைக்கலாம் என்பது பிறகு வரும் கேள்வி. எந்த நாளுக்குள் கதிர் களத்துக்கு வந்துவிட வேண்டும் என்பதே முதற் கேள்வி.

எங்களுக்கு இருப்பது ஏழு மா நிலம். தஞ்சைப் பக்கத்தில் இன்றும் மாக்கணக்கில் பேசுவோர் உண்டு. நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. நிலம் திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில், கடைமடையை ஒட்டி இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு இறக்கினால் உப்புநீர்தான் வரும். ஆகவே மேட்டூரில் திறக்கும் நீர் கல்லணை வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் மீண்டும் மூன்றாகப் பிரிந்து, வாய்க்கால் வழியே எங்கள் மடைக்கு வந்து சேரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்பாவின் கணக்கில் அதற்குப் பத்து நாள்.

1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையைக் குறுவைக்காகத் திறக்கும் மரபு நாள் ஜூன் 12. அன்று திறந்தால் ஜூன் 22 அளவில் எங்களுக்குத் தண்ணீர். குறுவை நெல்லுக்கு 110 நாள் என்று கொண்டால் அக்டோபர் 10இல் அறுவடை. அதாவது புரட்டாசி கடைசி வாரத்துக்குச் சற்று முன்பு. ஐப்பசி அடைமழைக்கும் நமக்கும் இடையே நிற்பது ஒரே ஒரு வாரம். எங்கள் ஊரில் குறுவை என்பது அந்த ஒரு வாரத்தின் மேல் கட்டிய வீடு.

அப்பா 1983இலிருந்து ஒரு நோட்டு எழுதி வருகிறார். பக்கத்துக்கு ஓர் ஆண்டு. இடப்புறம் திட்டம், வலப்புறம் நடந்தது. இரண்டும் ஒத்துப்போன பக்கங்கள் குறைவு. 2016இன் வலப்புறத்தில் மூன்றே சொற்கள்: 'சம்பா. கதிர் இல்லை.' அவ்வாண்டு அணை செப்டம்பரில்தான் திறந்தது; வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2020 முதல் நான்கு ஆண்டுகள் அணை நாள் தவறாமல் திறந்தது. 2022இல் மே 24இலேயே திறந்துவிட்டார்கள். ஆனால் 2023ஆம் ஆண்டின் பக்கம் வேறொன்றைச் சொல்கிறது. ஜூன் 12இல் திறந்தும் பின்னால் நீர் போதாமல் கடைமடையில் குறுவை காய்ந்தது. திறக்கும் தேதி மட்டும் வாக்குறுதி ஆகாது என்பதை அப்பா அதற்கு முன்பே அறிந்திருந்தார் போலும். அந்த ஆண்டு இடப்புறத்தில் குறுவைக்கு இரண்டு மாதான் எழுதியிருந்தார். 2024இல் ஜூலை 28இல் திறந்தபோது எங்கள் வீட்டில் பேச்சே எழவில்லை. பத்து நாளும் நூற்றுப்பத்து நாளும் கூட்டினால் நவம்பர் 25. கார்த்திகை மழையில் யார் அறுப்பது?

முதுகலை வகுப்பில் பள்ளு இலக்கியம் நடத்தும்போது மாணவர் வழக்கமாகத் தாண்டிச் செல்லும் பகுதி ஒன்றுண்டு. பள்ளன் பண்ணைக்காரனிடம் விதை வகை, மாட்டு வகை, ஏர் வகை என்று கணக்கு ஒப்பிக்கும் இடம். 'வெறும் பெயர்ப் பட்டியல்' என்று உரைநூல்கள்கூட விரைந்து கடக்கின்றன. எனக்கு அது பட்டியலாகத் தெரிவதில்லை. பருவம் தொடங்குமுன் கையிருப்பைச் சரிபார்க்கும் செயல் அது. ஆனால் அங்கே கணக்குக் கேட்பவன் வரப்பில் நிற்கிறான். ஒப்பிப்பவன் சேற்றில் நிற்கிறான். எங்கள் வீட்டில் இரண்டும் இப்போது ஒருவனே, என் தம்பி. அறுபது கடந்த நான்கு பெண்கள் நடவுக்கு வருகிறார்கள். அவர்களுக்குப் பின் வருவதற்கு ஆளில்லை. இதையும் திட்டத்தில் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

இவ்வாண்டுச் சிக்கல் நெல்லைப் பற்றியதன்று. தம்பி மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டும். கிடைத்தால் கட்டணத்தின் இரண்டாம் தவணை ஐப்பசியில் வரும். சம்பாப் பணம் தை கடைசிக்கு முன் கைக்கு வராது. தீபாவளிக்குப் பணம் வேண்டுமென்றால் குறுவை ஒன்றுதான் வழி. ஆகவே ஏழு மாவிலும் குறுவை போட்டுவிட்டு, அதன்மேல் தாளடி நடலாம் என்றான் அவன்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. இப்போது வயலுக்குப் போவதில்லை. நோட்டை என்னிடம் தந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கணக்குச் சொன்னார்.

"தாளடி நட்டுப் பத்து நாளாவாத நாத்து, ஐப்பசித் தண்ணியில எத்தன நாள் நிக்கும்? நீயே சொல்லு."

தம்பி பேசவில்லை. நிற்காது, அழுகும். ஆவணித் தொடக்கத்தில் விதைத்த சம்பா அப்படியன்று. மழை வருவதற்குள் தூர் கட்டி, நிமிர்ந்து நின்றுவிடும். அதனால்தான் சி.ஆர். 1009 போன்ற நீண்டகால நெல் இப்பகுதியில் இன்றும் நிலைத்திருக்கிறது. ஆகஸ்ட் 20 வாக்கில் விதைத்தால் 155 நாளில் ஜனவரி 22. அறுப்பதற்கு ஒரு வாரம் முன்பு, ஈரம் இருக்கும்போதே, நிற்கும் கதிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடலாம். அது மிச்ச ஈரத்திலும் பனியிலுமே வளர்ந்து பங்குனியில் காய்க்கும். பிப்ரவரி நடுப்பகுதியைத் தாண்டித் தெளித்த உளுந்து வெயிலில் மாட்டிக்கொள்ளும். அறுவடை இயந்திரத்தின் பெல்ட் முளைத்த உளுந்தை நசுக்குகிறதே என்பான் தம்பி. நசுக்கத்தான் செய்கிறது. ஆளறுவடைக்கு ஆள் இல்லாதபோது அந்தச் சேதத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் தெளிக்க வேண்டும்.

மூன்று மாலை இந்தப் பேச்சு நீண்டது. நடுவில் ஒருவர் ஏழு மாவையும் குத்தகைக்குக் கேட்டார். அம்மா அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். அம்மாவின் கோரிக்கை ஒன்றே: வீட்டுக்கென ஒரு மாவில் மாப்பிள்ளைச் சம்பா. அந்த விதை ஆதிரெங்கத்து நெல் திருவிழாவில் வாங்கியது. இரண்டு கிலோ வாங்கினால் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது நெல் ஜெயராமன் நடத்திய ஏற்பாடு. அவர் 2018 டிசம்பரில் மறைந்தார்; விதை வீட்டுக்கு வீடு நகர்ந்துகொண்டிருக்கிறது.

முடிவில் நான் எழுதியது இது. குளத்தங்கரை இரண்டு மா குறுவை; ஆற்றுநீர் நின்றாலும் குளத்தில் எஞ்சின் வைத்து இறைத்துக்கொள்ளலாம். அதில் தாளடி இல்லை. மீதி ஐந்தில் கோடை மழைக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, ஆவணியில் நான்கு மா சி.ஆர். 1009, ஒரு மா மாப்பிள்ளைச் சம்பா. தையில் ஐந்திலும் உளுந்து. அணை திறப்பு ஜூலைக்குத் தள்ளினால் குறுவைக்குக் கோடு. குளத்து நீர் மட்டும் பயிர் முழுவதற்கும் போதாது.

குறுவையில் பதினெட்டு மூட்டை வரலாம். கட்டணத்தில் பாதிக்கு ஆகும். மற்றப் பாதியை நான் தருவதாகச் சொன்னேன்.

"நெலத்துக் கணக்குல சம்பளப் பணத்தக் கலக்காத தாயி. அப்புறம் எது வெளஞ்சது, எது வெளயலன்னு தெரியாமப் போயிடும்" என்றார் அப்பா.

தம்பியும் வேண்டாம் என்றான். அவன் வேறு காரணத்துக்காகச் சொன்னான் என்பது எனக்குத் தெரியும். கடைசியில் நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, அங்கே 'கைமாற்று' என்று தலைப்பிட்டு, என் பெயரும் தொகையும் எழுதி, திருப்பித் தரும் நாளாக மாசி 15 என்று குறித்தோம். தம்பி அதன்கீழ் கையெழுத்திட்டான்.