17ஆம் நம்பர் யாருக்குச் சொந்தம்?

செய்நிரலாக்கம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் பயிற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, டொக்டரைச் சனல் பண்ணுவதற்கான, அதாவது பார்க்க முன்பதிவு செய்வதற்கான, செய்நிரல். காத்தான்குடியில் சனல் பண்ணாத வீடு எது? விஷயத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் பிள்ளைகள் முதலில் எழுதிக்கொண்டு வருவது வேறு ஏதோ ஊருக்கான செய்நிரலாகத்தான் இருக்கும். டொக்டர், நோயாளி என்று இரண்டு கிளாஸ். டொக்டருக்குள் 5.00, 5.15, 5.30 என்று ஒரு பட்டியல்.

“இதில 17ஆம் நம்பர் எங்க இரிக்கி?” என்று கேட்பேன்.

நம் ஊரில் கிடைப்பது நேரமல்ல, நம்பர். டொக்டர் மஃரிப் தொழுகைக்குப் பிறகு வருவார். 17 என்றால் இஷாவுக்குக் கிட்டவாகும் என்று உம்மாமார் கணக்குப் போட்டுவிடுவார்கள். அந்த மஃரிபும் வருடத்துக்குள் அரை மணிக்கு மேல் முன்பின்னாக நகரும். அதை மாறாத எண்ணாக எழுத முடியாது.

17ஆம் நம்பர் டொக்டருடையதும் அல்ல, நோயாளியுடையதும் அல்ல. அன்று மாலை டொக்டர் வந்திருந்து பார்க்கும் அந்த ஒரு அமர்வுக்கு உரியது. ஆகவே அமர்வு ஒரு தனிக் கிளாஸ். நோயாளியையும் அமர்வையும் இணைக்கும் பதிவு இன்னொரு கிளாஸ். கண்ணால் காண முடியாத இந்த இரண்டையும் கண்டுபிடிப்பதில்தான் பயிற்சியின் உயிர் இருக்கிறது.

அடுத்த கேள்வி: 9ஆம் நம்பர்காரர் வரவில்லை என்று சொல்லிவிட்டால்? பட்டியலிலிருந்து அழித்துவிடுவோம் என்பார்கள். அழித்தால் 10 ஒன்பதாகும், 17 பதினாறாகும். கையில் 17 என்று எழுதிய துண்டோடு வாசலில் இருக்கும் மனிதருக்கு என்ன பதில் சொல்வது? பதிவை அழிக்கக் கூடாது. அதன் நிலையை மட்டும் ‘ரத்து’ என்று மாற்ற வேண்டும். நம்பரை அமர்வே கொடுக்கட்டும், நிலையைப் பதிவே மாற்றட்டும். வெளியிலிருந்து எந்தக் கிளாஸும் அந்தப் பட்டியலில் கைவைக்க விடக் கூடாது.

நோயாளியை எதைக்கொண்டு அடையாளம் காண்பது? ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். உம்மாவின் போன் நம்பரில் மூன்று பிள்ளைகள் பதியப்படுவார்கள். சிறு பிள்ளைகளுக்கு அடையாள அட்டை கிடையாது. பெரியவர்களுக்கும் 2016க்கு முந்திய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், அதற்குப் பிந்தியதில் 12 இலக்கம். நோயாளிக்குச் செய்நிரலே ஓர் எண் கொடுப்பதுதான் சரி.

ஒரே அறையில் இரண்டு டொக்டர்மாரின் அமர்வுகள் மோதுகின்றனவா என்று பார்க்க நீண்ட நிபந்தனைகள் எழுதுவார்கள். ஒவ்வொன்றும் மற்றது முடிவதற்கு முன் தொடங்குகிறதா என்று பார்த்தால் போதும். ஒன்று முடியும் அதே நிமிடத்தில் மற்றது தொடங்கினால் மோதல் இல்லை.

1960களில் நோர்வேயின் ஒஸ்லோவில் டாலும் நிகார்டும் சிமுலா மொழியை உருவாக்கியது, வரிசைகளும் காத்திருப்பும் உள்ள அமைப்புகளைக் கணினியில் நடத்திப் பார்ப்பதற்காகத்தான். இந்தக் கிளாஸ்களுக்குப் பின்னால் உள்ள ஒப்ஜெக்ட் என்ற எண்ணம் அந்த வேலையில் வளர்ந்தது. வரிசையைப் பார்த்தே அதைக் கற்பிப்பது பொருத்தம் என்று நான் நம்புவது இதனால்தான்.

இந்தப் பயிற்சியைக் கொடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மடிக்கணினியைத் திறக்க முன், பிள்ளைகளை ஒரு மாலை சனல் சென்டருக்கு அனுப்புங்கள். நம்பர் எழுதுபவருக்குப் பக்கத்தில் இருந்து, அவர் கொப்பியில் எதை வெட்டுகிறார், எதை வெட்டாமல் விடுகிறார் என்று பார்த்து வரட்டும்.